திருவிருந்துக்குப் போனால் பிள்ளைக்கு ஏதாவது ஆகிவிடுமோ?

தூத்துக்குடி மாவட்டத்திலிருந்து 41 வயது சகோதரி ஒருவர் நான்கு பக்கக் கடிதம் எழுதியிருக்கிறார். பெயர் போட வேண்டாம் என்று கேட்டிருக்கிறார். அதன் சுருக்கம் இது (அதில் திருவிருந்து, பந்தி என்று வருவது, ஆராதனையில் இயேசுவின் நினைவாக அப்பமும் திராட்சரசமும் வாங்குவது; திடப்படுத்தல் என்பது வளர்ந்த பிள்ளைகள் தங்கள் விசுவாசத்தை அறிக்கை செய்து அந்தப் பந்தியில் சேர்க்கப்படுகிற சடங்கு):

"ஐயா, எனக்கு 19 வயது இருக்கும்போது, ஈஸ்டர் அன்று காலையில் அக்காவோடு ஒரு பட்டுச்சேலைக்காகச் சண்டை. முகம் கொடுத்துப் பேசாமலே இருவரும் கோயிலுக்குப் போனோம், திருவிருந்தும் எடுத்தோம். அந்த வாரம் வியாழக்கிழமை அப்பா நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. துக்க வீட்டில் ஒரு அத்தை, 'மனஸ்தாபத்தோட பந்தியில கை வச்சா வீட்டுல ஒரு உயிரைக் கேட்கும்' என்றார்கள். எங்கள் சண்டை அவர்களுக்குத் தெரியாது. எனக்காகவே சொன்னதுபோல் இருந்தது. அன்றிலிருந்து 22 வருஷமாக நான் திருவிருந்து எடுக்கவில்லை. பாட்டுக் குழுவில் பாடுகிறேன். பந்தி நேரம் வந்தால் ஏதாவது சாக்குச் சொல்லி வெளியே வந்துவிடுவேன். ராத்திரி பிள்ளைகள் பெயரை ஒவ்வொன்றாகச் சொல்லி, இயேசுவின் இரத்தக் கோட்டைக்குள் ஒப்புக்கொடுத்து ஜெபிப்பேன். ஒரு பெயர் விட்டுப்போனதாகத் தோன்றினால் முதலிலிருந்து ஆரம்பிப்பேன். சில நாள் ஒரு மணி நேரம் ஆகிவிடும். இப்போது மகளுக்குத் திடப்படுத்தல். 'முதல் பந்திக்கு நீயும் என் பக்கத்துல முழங்கால் போடணும்மா' என்கிறாள். போனால் அவளுக்கு ஏதாவது ஆகிவிடுமோ? கர்த்தருக்குப் பயப்படுதலே ஞானத்தின் ஆரம்பம் என்றுதானே வேதம் சொல்கிறது, அப்படியென்றால் என் பயம் தப்பா?"

அன்புள்ள சகோதரி,

நீங்கள் கேட்டதற்கு நேராகவே பதில் சொல்லிவிடுகிறேன். ஆகாது. நீங்கள் அப்பமும் திராட்சரசமும் வாங்குவதால் உங்கள் மகளுக்கு ஒன்றும் ஆகாது. உங்கள் அப்பாவின் மரணமும் நீங்கள் 19 வயதில் கோயில் பீடத்துக்கு முன்னுள்ள கம்பியருகே முழங்கால் போட்டதால் வந்ததல்ல. அந்தக் கம்பிக்கு உள்பக்கம் குருவாக நின்று பல வருஷம் அப்பம் கொடுத்தவன் நான். இப்போது ஒரு மருத்துவமனையில் ஆற்றுப்படுத்துநராக உட்கார்ந்திருக்கிறேன். இரண்டு இடத்திலிருந்தும் இதே பதிலைத்தான் சொல்வேன்.

உங்கள் கடிதத்தின் மூன்றாம் பக்கத்தில் ஒரு வரி இருக்கிறது. மேலே உள்ள சுருக்கத்தில் அதை வேண்டுமென்றேதான் சேர்க்கவில்லை. "அப்பாவுக்குப் பத்து வருஷமாகச் சர்க்கரை உண்டு, குருத்தோலை ஞாயிறு அன்றே நெஞ்சு கரிக்கிறது என்று இஞ்சிச் சாறு குடித்துக்கொண்டிருந்தார்கள்." இதை எழுதிவிட்டு, அதன்மேல் ஒரு வார்த்தைகூடச் சொல்லாமல் அடுத்த விஷயத்துக்குப் போய்விட்டீர்கள். சகோதரி, குருத்தோலை ஞாயிறு முதலில் வருகிறது, ஈஸ்டர் அதற்கு ஒரு வாரம் கழித்து. நீங்கள் சேலைக்குச் சண்டை போடுவதற்கு முன்பே அப்பாவின் நெஞ்சு சொல்ல ஆரம்பித்துவிட்டது. வெகுநாள் சர்க்கரை உள்ளவர்களுக்கு மாரடைப்பு பெரிய வலியாக வராமல் கரிப்பு, களைப்பு, வியர்வை என்று வருவது மருத்துவர்கள் அன்றாடம் பார்க்கிற விஷயம். இருபத்திரண்டு வருஷமாக இந்த விவரம் உங்கள் கையிலேயே இருந்திருக்கிறது. பயம் அதைப் படிக்க விடவில்லை.

ஏன் விடவில்லை என்று கேட்டால், அத்தை சொன்ன காரணத்தில் ஒரு வசதி இருந்தது. கேட்பதற்குக் கொடுமையாகத்தான் இருக்கும். ஆனால் துக்கத்தில் இருப்பவர்களிடம் இதைத் திரும்பத் திரும்பப் பார்க்கிறேன். "என்னால்தான் அப்பா செத்தார்" என்றால், "நான் ஜாக்கிரதையாக இருந்தால் இனி யாரும் சாகமாட்டார்கள்" என்று ஆகிறது. காரணமே இல்லாமல் அப்பா போய்விட்டார் என்பதைவிட அது தாங்கக்கூடியது. அதனால் நீங்கள் பந்தியை விட்டீர்கள், ராத்திரியில் பெயர்களை எண்ண ஆரம்பித்தீர்கள். கடவுளிடமிருந்தே பிள்ளைகளைக் காவல் காக்கிற வேலை. அந்த வேலையில் அப்பாவுக்காக அழ உங்களுக்கு நேரமே கிடைத்திருக்காது. நான்கு பக்கக் கடிதத்தில் அப்பா எப்படிப்பட்டவர் என்று ஒரு வரி இல்லை. எப்படி இறந்தார் என்பது மட்டுமே இருக்கிறது.

இனி வேதத்துக்கு வருகிறேன். நீங்கள் நம்பிக்கையுள்ளவர். வசனத்தைப் பார்க்காமல் நான் சொல்வது எதுவும் உங்களுக்குப் போதாது.

உங்களைப் பிடித்துவைத்திருக்கிற பகுதி, அப்போஸ்தலன் பவுல் கொரிந்து ஊர்ச் சபைக்கு எழுதிய கடிதத்தில் வருகிறது, 1 கொரிந்தியர் 11. "அபாத்திரமாய்ப் போஜனபானம்பண்ணுகிறவன்", அதாவது தகாதவிதமாய்ச் சாப்பிட்டுக் குடிக்கிறவன், தனக்கு ஆக்கினைத்தீர்ப்பை வருவித்துக்கொள்கிறான் என்கிற வசனம். அடுத்த வசனம் இன்னும் கடுமை: "இதினிமித்தம், உங்களில் அநேகர் பலவீனரும் வியாதியுள்ளவர்களுமாயிருக்கிறார்கள், அநேகர் நித்திரையும் அடைந்திருக்கிறார்கள்." நித்திரை என்றால் இங்கே மரணம். இந்த வசனம் இல்லை என்று நான் சொல்லமாட்டேன். இருக்கிறது. ஆனால் இந்த இரண்டு வசனத்துக்கு முன்னும் பின்னும் என்ன இருக்கிறது என்று எப்போதாவது உட்கார்ந்து வாசித்தீர்களா?

கொரிந்துச் சபையார் வீடுகளில் கூடினார்கள். திருவிருந்து அப்போது ஒரு முழுச் சாப்பாட்டோடு சேர்ந்தே நடந்தது. வசதியுள்ளவர்கள் தங்கள் சாப்பாட்டை முந்திச் சாப்பிட்டு முடித்துவிடுவார்கள். இல்லாதவர்கள் வரும்போது அவர்களுக்கு ஒன்றும் மிஞ்சியிருக்காது. "ஒருவன் பசியாயிருக்கிறான், ஒருவன் வெறியாயிருக்கிறான்" என்று பவுல் எழுதுகிறார். வெறி என்றால் குடிவெறி. "இல்லாதவர்களை வெட்கப்படுத்துகிறீர்களா?" என்று கேட்கிறார். அவர் கோபம் அங்கேதான். ஆண்டவருடைய பந்தியில் ஏழையைப் பட்டினி போட்டுப் பார்த்துக்கொண்டிருக்கிறார்களே என்கிற கோபம். அதற்கு அவர் கடைசியில் சொல்லும் தீர்வு 33-ம் வசனம்: "நீங்கள் போஜனம்பண்ணக் கூடிவரும்போது, ஒருவருக்காக ஒருவர் காத்திருங்கள்." அவ்வளவுதான். யாரையும் பந்திக்கு வராதே என்று அவர் சொல்லவில்லை.

'அபாத்திரமாய்' என்ற சொல்லையும் கொஞ்சம் நிறுத்திப் பாருங்கள். 'அபாத்திரன்' என்று அங்கே இல்லை. மூல கிரேக்கத்திலும் அது வினையடைதான். சாப்பிடுகிற விதத்தைச் சொல்கிறது, சாப்பிடுகிற ஆளை அல்ல. பாத்திரமானவர்கள் மட்டும் வரலாம் என்றால் கம்பிக்கு உள்பக்கம் நின்ற என்னால்கூட வர முடியாது. 28-ம் வசனம் என்ன சொல்கிறது? "எந்த மனுஷனும் தன்னைத்தானே சோதித்தறிந்து, இந்த அப்பத்தில் புசித்து, இந்தப் பாத்திரத்தில் பானம்பண்ணக்கடவன்." சோதித்தறிந்து, புசித்து. சோதித்தறிந்து எழுந்து வெளியே போகக்கடவன் என்று எழுதவில்லை. நீங்கள் 22 வருஷமாக 'சோதித்தறிந்து' வரைக்கும் வந்து நின்றுவிட்டீர்கள்.

இன்னொரு வசனமும் உங்கள் மனதில் உறுத்திக்கொண்டிருக்கும் என்று நினைக்கிறேன். மத்தேயு 5-ல், காணிக்கையோடு வரும்போது சகோதரனுக்கு உன்மேல் குறை உண்டென்று நினைவு வந்தால் காணிக்கையை வைத்துவிட்டுப் போ என்று இருக்கிறதே, அது. அதன் மறுபாதி: "முன்பு உன் சகோதரனோடே ஒப்புரவாகி, பின்பு வந்து உன் காணிக்கையைச் செலுத்து." பின்பு வந்து. நீங்களும் அக்காவும் அப்பாவை அடக்கம் செய்த ராத்திரியே ஒரே பாயில் கட்டிப்பிடித்துப் படுத்தீர்கள் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். ஒப்புரவு அன்றைக்கே முடிந்தது. வருவதுதான் பாக்கி.

பயம் எப்போதும் பாதி வசனத்தோடு புத்தகத்தை மூடிவிடுகிறது. அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பார்களே, அது வேத வாசிப்புக்கும் பொருந்தும். ஆபத்து எங்கே என்று தேடுகிற கண்ணுக்கு ஆபத்து மட்டும்தான் படும். அப்புறம் அந்தக் கண்ணால் பார்த்ததையே கடவுளின் முகம் என்று நம்பிவிடுகிறோம். எஜமான் ஒருவர் தன் வேலைக்காரர்களிடம் தாலந்து என்னும் பணத்தை ஒப்படைத்துப் போகிற உவமையில் ஒரு தாலந்து வாங்கினவன் என்ன சொல்கிறான் பாருங்கள்: நீர் "கடினமுள்ள மனுஷன் என்று அறிவேன். ஆகையால், நான் பயந்து, போய், உமது தாலந்தை நிலத்தில் புதைத்து வைத்தேன்." அதே எஜமான்தான் மற்ற இருவருக்கும். அவர்கள் அவரை அப்படிப் பார்க்கவில்லை. இவன் 'அறிவேன்' என்கிறான். பயம் தனக்கு எல்லாம் தெரியும் என்றுதான் பேசும்.

வீட்டில் ஒரு உயிரைக் கேட்கும் என்று அத்தை சொன்னதற்கு வேதத்தில் எங்கும் ஆதாரம் இல்லை. எசேக்கியேல் 18:20 அதற்கு நேர் எதிர்: "குமாரன் தகப்பனுடைய அக்கிரமத்தைச் சுமப்பதுமில்லை, தகப்பன் குமாரனுடைய அக்கிரமத்தைச் சுமப்பதுமில்லை." மகள் போட்ட சண்டைக்கு அப்பாவின் உயிர், அம்மா எடுத்த அப்பத்துக்கு மகளின் உயிர் என்று கணக்குப் பார்க்கிறவர் நீங்கள் பாட்டுக் குழுவில் பாடுகிற கர்த்தர் இல்லை.

அத்தையின் மேல் எனக்குக் கோபமும் இல்லை. அந்தப் பேச்சு அவர் வாயில் முளைத்ததல்ல. 1947 செப்டம்பர் 27-ல் தென்னிந்தியத் திருச்சபை (சி.எஸ்.ஐ.) உருவாகிறவரை, இங்கிலாந்துத் திருச்சபை வழிவந்த நம் பக்கத்து ஆங்கிலிக்கன் சபைகள் 1662-ம் வருஷத்து ஆங்கில ஜெபப்புத்தகத்தைத் தமிழில் வைத்துத்தான் ஆராதித்தன. அதில் திருவிருந்துக்கு முன் வாசிக்கிற ஒரு நீண்ட எச்சரிப்பு உண்டு. அபாத்திரமாய் வாங்குகிறவர்கள் தேவகோபத்தை மூட்டி, பலவித வியாதிகளையும் பலவகை மரணங்களையும் தங்கள்மேல் வருவித்துக்கொள்கிறார்கள் என்ற கருத்து அதில் வருகிறது. இதைக் கேட்டு வளர்ந்த தலைமுறை நம் தாத்தா ஆச்சிமார். 'தங்கள்மேல்' என்பது காலப்போக்கில் 'வீட்டின்மேல்' என்று ஆகிவிட்டது. ஆனால் அதே புத்தகத்தில் இன்னொரு அறிவுரையும் இருக்கிறது. ஒருவர் விருந்து சமைத்து, மேசையை அலங்கரித்து, உட்காருங்கள் என்று கூப்பிட்டும் விருந்தாளிகள் வராமல் போனால் அவர் மனம் எவ்வளவு நோகும் என்று அது கேட்கிறது. மனச்சாட்சி அடங்காதவர்கள் தங்கள் குருவிடமோ, விவரமுள்ள வேறொரு குருவிடமோ போய் மனம் திறக்கட்டும் என்றும் அந்தப் புத்தகம் சொல்கிறது. மிரட்டல் மட்டும் வாய்வழியாக நம்மிடம் வந்து சேர்ந்தது. விருந்து வைத்தவரின் வருத்தம் வந்து சேரவில்லை. எனக்கு இதில் மிகுந்த வருத்தம் உண்டு. சபையாக நாங்கள் அதைச் சொல்லிக்கொடுத்திருக்க வேண்டும்.

நீங்கள் தனி ஆள் இல்லை என்பதற்காக ஒருவரைச் சொல்கிறேன். 1505 ஜூலையில் ஜெர்மனியில் ஸ்டாட்டர்ன்ஹைம் என்ற ஊருக்குப் பக்கத்தில் இடி மின்னலில் மாட்டிக்கொண்ட 21 வயது மாணவர் ஒருவர், உயிர் தப்பினால் துறவியாகிறேன் என்று பரிசுத்த அன்னாளுக்குப் பொருத்தனை செய்தார். புரட்டஸ்தாந்து சபைகளுக்கு வழிவகுத்த மார்ட்டின் லூதர்தான். பயத்தில் மடத்துக்குள் போனார். 1507-ல் முதன்முதல் திருப்பலி நடத்தும்போது பயத்தில் நடுங்கினார். பாவ அறிக்கை செய்துவிட்டு, ஒன்று விட்டுப்போயிற்றோ என்று திரும்ப ஓடுவார். உங்கள் ராத்திரி ஜெபம் ஞாபகம் வருகிறதா? 'தேவநீதி' என்ற சொல்லையே தான் வெறுத்ததாக 1545-ல், வயதான காலத்தில், தன் லத்தீன் நூல்களுக்கு எழுதிய முன்னுரையில் சொல்கிறார். அந்தச் சொல்லைத் தண்டிக்கிற நீதி என்று மட்டுமே அவர் வாசித்திருந்தார். ரோமர் 1:17-ஐ முன்பின் வாக்கியங்களோடு சேர்த்து வாசித்தபோதுதான் அது கொடுக்கப்படுகிற நீதி என்று புரிந்தது. பரலோக வாசல் திறந்ததுபோல் இருந்தது என்கிறார். அதே வசனம்தான், அதே எழுத்துதான்.

சரி, 'கர்த்தருக்குப் பயப்படுதல்' என்று கேட்டீர்கள். என் ஆச்சியைப் பற்றிச் சொல்கிறேன். பந்தி ஞாயிறுக்கு முந்தின ராத்திரி அவர் சாப்பிடமாட்டார். விடியற்காலையில் குளித்து, பெட்டியிலிருந்து வெள்ளைச் சேலையை எடுத்து உடுத்துவார். அன்று காலையில் வீட்டில் உரக்கப் பேசக்கூடாது. அப்பத்தை வாங்க நீட்டும்போது இடது உள்ளங்கையின் மேல் வலது உள்ளங்கையை வைத்து, குழித்துப் பிடிப்பார். ஒரு துணுக்குக்கூடக் கீழே விழக்கூடாது. அந்தக் கை லேசாக நடுங்கும். ஆனால் திரும்பி வரும்போது அவர் முகத்தில் இருந்த தெளிச்சியை வேறு எந்த நாளிலும் நான் பார்த்ததில்லை. இதைத்தான் நாம் பயபக்தி என்கிறோம். சங்கீதம் 130:4 சொல்கிறது: "உமக்குப் பயப்படும்படிக்கு உம்மிடத்தில் மன்னிப்பு உண்டு." இந்த வரிசையைப் பாருங்கள். முதலில் மன்னிப்பு, அதிலிருந்து வருகிறது அந்தப் பயம். அது ஆளைக் கிட்டே கொண்டுவரும். ஆதாம் "பயந்து, ஒளித்துக்கொண்டேன்" என்றானே, அது வேறு. உங்களுடையது எதைச் செய்கிறது என்று உங்களுக்கே தெரியும். பந்தி நேரத்தில் பக்கவாட்டு வாசலில் செருப்பைத் தேட வைக்கிறது.

இப்போது என்ன செய்யலாம் என்று பார்ப்போம்.

முதலில், மனநல மருத்துவர் ஒருவரைப் பாருங்கள். பெயர் விட்டுப்போனால் முதலிலிருந்து ஆரம்பிக்கிற ஜெபம், அதற்கு ஒரு மணி நேரம், செய்யாவிட்டால் நெஞ்சு அடைக்கிற பதற்றம், இவை எண்ணச் சுழல் நோயின் (OCD), அதாவது ஒரே எண்ணமும் செயலும் திரும்பத் திரும்ப வந்து ஆளை விடாமல் பிடிக்கிற நோயின், அறிகுறிகளாக இருக்கலாம். பக்தியுள்ளவர்களுக்கு அது பக்தியின் உடையில்தான் வரும். விசுவாசக் குறைவு என்று யாராவது சொன்னால் காதில் வாங்காதீர்கள். இதற்கு நல்ல மாத்திரைகள் உண்டு. பயப்படுவதைக் கொஞ்சம் கொஞ்சமாக எதிர்கொள்ளப் பழக்குகிற சிகிச்சையும் உண்டு. பக்கத்தில் யாரும் இல்லையென்றால் அரசின் டெலிமானஸ் எண் 14416-க்குப் பேசுங்கள். தமிழிலேயே பேசலாம், கட்டணம் இல்லை. ராத்திரி ஜெபத்தை ஒரே ஒரு முறை செய்யுங்கள். ஒரு பெயர் விட்டுப்போனதாகத் தோன்றினால், தோன்றட்டும், அப்படியே படுத்துவிடுங்கள். நாம் கேட்பதற்கு முன்னமே பிதா அறிந்திருக்கிறார் என்று மத்தேயு 6:8-ல் இருக்கிறது.

இரண்டாவது, மகளின் திடப்படுத்தல் அன்றைக்கே முதல் தடவையாகப் போகாதீர்கள். அவளுக்குரிய நாளை உங்கள் சோதனை நாளாக்க வேண்டாம். அதற்கு முன்பு உங்கள் ஐயரிடம், அதாவது சபைக் குருவிடம், தனியாகப் பேசுங்கள். அவரிடம் கூச்சமாக இருந்தால் வேறு சேகரத்து (சபை வட்டத்து) ஐயரிடம் பேசலாம், தப்பில்லை. கூட்டம் குறைந்த ஒரு அதிகாலை ஆராதனையில் முதலில் கம்பிக்கு முன் முழங்கால் மட்டும் போடுங்கள், ஆசீர்வாதம் மட்டும் கேளுங்கள். அடுத்த முறை கையை நீட்டுங்கள். நெஞ்சு படபடக்கும், உள்ளங்கை வேர்க்கும், எழுந்து ஓடத் தோன்றும். பயம் முழுதும் போனபிறகு போகலாம் என்று காத்திருந்தால் இன்னும் 22 வருஷம் ஆகும். தவிர்க்கத் தவிர்க்க அது வளரத்தான் செய்யும். நடுங்கிக்கொண்டே வாங்குங்கள். ஆண்டவர் தம் சீஷரோடு உட்கார்ந்த அந்த முதல் பந்தியில் யார் யார் இருந்தார்கள் என்று நினைத்துக்கொள்ளுங்கள். லூக்கா எழுதியபடி, அப்பமும் பாத்திரமும் கொடுத்த பிறகுதான் ஆண்டவர், என்னைக் காட்டிக்கொடுக்கிறவனுடைய கை என்னோடே பந்தியில் இருக்கிறது என்கிறார்.

அதற்கு அடுத்த வாரம்தான் கஷ்டமான வாரம். மகள் இருமினால் உங்களுக்குத் தூக்கிவாரிப் போடும். யாருக்காவது காய்ச்சல்கூட வரலாம், எந்த வீட்டிலும் வரும். வந்தால் மாத்திரை கொடுங்கள், மூன்று நாளில் குறையாவிட்டால் டாக்டரிடம் காட்டுங்கள். ஈஸ்டர் கணக்கைத் திறக்காதீர்கள். 'நல்லபடியாக இருந்தால் ஆண்டவர் மன்னித்தார்' என்று அடையாளமும் வைக்காதீர்கள். அது பழைய கணக்கின் மறுபக்கம்தான்.

மகளிடம் உண்மையைச் சொல்லுங்கள். 15 வயதில் அவளால் தாங்க முடியும். "அம்மா ஒரு தப்பான பயத்தை நம்பிட்டேன், இப்போ அதுலயிருந்து வெளியே வந்துட்டிருக்கேன்" என்று சொன்னால் போதும். சொல்லாவிட்டால் நீங்கள் வெளியே போனதற்கான காரணத்தை அவளாகக் கற்பனை செய்துகொள்வாள்.

கடைசியாக ஒன்று. கடிதத்தை நான் மூன்று முறை வாசித்தேன். அன்றைக்குச் சண்டை போட்டுவிட்டுத் திருவிருந்து எடுத்தது நீங்கள் மட்டும் அல்ல, அக்காவும்தான். அத்தை அந்த வார்த்தையைச் சொன்னபோது அவரும் அந்த வீட்டில்தான் இருந்திருப்பார். அதன்பிறகு அக்கா பந்திக்குப் போகிறாரா, அந்த ஈஸ்டரைப் பற்றி அவர் மனதில் என்ன இருக்கிறது என்று நீங்கள் ஒரு வரிகூட எழுதவில்லை. கேட்டதே இல்லை என்று நினைக்கிறேன். ஒரு நாள் இருவருமாக அப்பாவின் கல்லறைக்குப் போய் உட்காருங்கள். அப்பாவைப் பற்றிப் பேசுங்கள். அப்புறம் அக்காவிடம் கேளுங்கள்.